விரிசலைச் செய்தவர் பெயர்

விசாரணைக் குழு, முதல் அமர்வு, காலை பத்து மணி. ஆஜரானவர்கள்:

தலைவர்.
விதிமுறை அதிகாரி, மூன்று தடித்த புத்தகங்களோடு.
வண்ணப் பிரிவு அதிகாரி.
தட்டச்சு செய்ய, பெண் எழுத்தர் ஒருவர்.
சாட்சி: விமானக் கொட்டகையின் உலோகப் பரிசோதகர்.
மேஜை மேல், பச்சைத் துணிக்கு அடியில், வலது இறக்கையின் துண்டு ஒன்று.
தகவல் தெரிவிக்காமல் வராதவர்கள்: ஆறாம் எண் விமானத்தின் விமானி, துணை விமானி.

கடைசி வரியை எழுத்தர் விரும்பி அடிக்கவில்லை. அச்சடித்த படிவத்தில் வந்தவர், வராதவர் என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. இறந்தவர்களை எதில் போடுவது என்று அவள் கேட்டாள்.

"இறந்துட்டாங்கன்னு இந்தக் குழு இன்னும் முடிவு பண்ணலியேம்மா," என்றார் விதிமுறை அதிகாரி. "அதுக்குத்தானே கூடியிருக்கோம். முன்னாடியே எழுதினா பாரபட்சம் ஆயிடும்."

நான்கு நாட்களுக்கு முன்னால், கொடியில் காயப்போட்ட துணிகூட அசையாத ஒரு காலை வேளையில், ஆறாம் எண் விமானம் நேராகப் பறந்துகொண்டிருந்தபோது அதன் வலது இறக்கை கழன்று தனியாகப் போனது. மழை இல்லை, மின்னல் இல்லை, எதிரி இல்லை. மீதி விமானம் ஒன்பது வினாடி கழித்துத் தரைக்கு வந்தது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்.

தலைவர் எழுந்து நின்றார். உட்கார்ந்திருக்கும்போது எல்லோரையும் போலப் பேசுவார். நின்றால் எழுத்துத் தமிழ் வந்துவிடும்.

"மாண்புமிகு குழுவினரே. முதற்கண் இரண்டு நிமிட மௌனம். நேரம் கருதி அது அரை நிமிடமாகச் சுருக்கப்படுகிறது. அடுத்து, நாம் பெருமைப்பட வேண்டிய ஒன்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இறக்கை பிரிந்த பின்னரும் நமது விமானம் ஒன்பது முழு வினாடிகள் வானில் இருந்திருக்கிறது. ஒற்றை இறக்கையோடு! எத்தனை நாடுகளின் விமானங்களால் இது முடியும்?"

வண்ணப் பிரிவு அதிகாரி மேஜையைத் தட்டினார். எழுத்தர் அதையும் அடித்தாள்: தட்டினார்.

பரிசோதகர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. அதில் ஒரே வரி: ஏழாம் எண்ணைப் பறக்க விடாதீர்கள். பதற்றத்தில் மறந்துவிடுவோமோ என்று எழுதி வைத்திருந்தார். மறக்கக்கூடிய வரி அல்ல. இன்று மாலை நான்கு மணிக்கு ஏழாம் எண் இறந்தவர்களுக்கு அஞ்சலியாக மைதானத்துக்கு மேலே தாழப் பறக்க இருந்தது. அதை ஓட்டப்போகிறவர் அவருடைய ஒரே மகளின் கணவர்.

கொட்டகையில் பரிசோதகருக்கு விரிசல் என்று பெயர். இருபத்தொன்பது வருடம் உலோகத்தில் விரிசல் தேடியவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள். அவர் தலையைக் கண்டதும், "விரிசல் வராரு, எல்லாரும் ஒட்டி நில்லுங்கப்பா" என்று யாராவது குரல் கொடுப்பது வழக்கம். வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இறக்கை உடலோடு சேரும் இடத்தில் சிவப்புச் சாயத்தைத் தடவுவார். காத்திருந்து துடைப்பார். மேலே வெள்ளைப் பொடியைத் தூவுவார். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருந்த சாயம் வெள்ளையில் சிவப்பு மயிராக எழும்பும். அதன் நுனியில் மெழுகுப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவார். ஐம்பது மணி நேரம் பறந்து முடித்ததும் மறுபடி பார்க்க வேண்டும். விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் புதுக் கோடு, புதுத் தேதி. இருபது மில்லிமீட்டரைத் தொட்டால் விமானம் தரையை விட்டு எழும்பக் கூடாது. அவ்வளவுதான். அந்த விமானத் தளத்தில் வானத்துக்கும் மனிதர்களுக்கும் நடுவில் இருந்தது ஒரு பென்சில் கோடு.

ஆறும் ஏழும் ஒரே ஆலையில் ஒரே மாதத்தில் பிறந்தவை. பறந்த மணிக்கணக்கும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டிலும் வலது பக்கம், ஒரே இடத்தில், இரட்டைப் பிள்ளைகளுக்கு மச்சம் போல ஒரே விரிசல். பதினோரு மாதத்துக்கு முன் ஆறில் பதினாறு மில்லிமீட்டர், ஏழில் பதினைந்து. அப்போது மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. பரிசோதகர் பல் பிடுங்க இரண்டு நாள் விடுப்பில் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு விமானங்களும் கண்ணாடி மாதிரி மின்னின. மூன்று பூச்சு சாம்பல் வண்ணம். விரிசல், கோடு, தேதி எல்லாமே அதற்கு அடியில். பெரியவர் வரவில்லை. அவருக்கும் அன்று பல் வலி என்று பிறகு சொன்னார்கள்.

"சாட்சி சொல்லலாம்," என்றார் தலைவர், உட்கார்ந்துகொண்டு.

"ஐயா, முதல்ல ஒண்ணே ஒண்ணு. ஏழாம் நம்பர் இன்னிக்குப் பறக்கக் கூடாது."

"நிகழ்ச்சி நிரல்ல ஆறுதான் இருக்கு," என்றார் விதிமுறை அதிகாரி. "ஏழு விழுந்தா ஏழுக்குத் தனிக் குழு போடுவாங்க."

"விழுந்தப்புறம் எதுக்குங்க குழு?"

"விழறதுக்கு முன்னாடி எப்படிங்க குழு?"

பரிசோதகர் எழுந்துபோய்ப் பச்சைத் துணியை விலக்கினார். இறக்கை உடைந்த பரப்பு தெரிந்தது. பாதி கறுத்து மங்கி, வெட்டிய மரத்தில் தெரிவது போல மெல்லிய வளையங்களோடு இருந்தது. மீதி உப்புத் தூள் மாதிரிப் பளபளத்தது.

"இந்தப் பளபளப்பு அன்னிக்கு உடைஞ்சதுங்க. இந்தக் கறுப்பு பழசு. வளையம் வளையமா இருக்கு பாருங்க. ஒவ்வொரு தடவ ஏறி இறங்கறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா விட்டிருக்கு. இதே கதைதான் ஏழுலயும்."

வண்ணப் பிரிவு அதிகாரி குனிந்து நெருக்கமாகப் பார்த்தார். "இந்தக் கறுப்பு எங்க வண்ணப் பட்டியல்லயே இல்ல. ஆனா மேல பாருங்க தலைவரே, எங்க சாம்பல். ஆயிரம் அடி மேலேருந்து விழுந்தும் ஒரு செதில் உரியல. பதிவு பண்ணச் சொல்லுங்க."

எழுத்தர் பதிவு செய்தாள்: செதில் உரியவில்லை.

"சரி, விரிசல்ன்னே வச்சிக்குவோம்," என்றார் தலைவர் பெரிய மனதோடு. "யார் செஞ்சது?"

"யாரும் செய்யலீங்க. அதுவா வந்தது."

"அதுவா வர்றதுக்கு யார் அனுமதி குடுத்தது?"

விதிமுறை அதிகாரி சேதப் படிவத்தை எடுத்து மேஜையில் பரப்பினார். முதல் கட்டத்தில், சேதத்தைச் செய்தவர் பெயர். அது நிரம்பாமல் இரண்டாம் கட்டத்துக்குப் போக முடியாது. எழுதியவர்கள் அதைத் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

"உலோகத்துக்குச் சோர்வுன்னு ஒண்ணு உண்டுங்க. திரும்பத் திரும்ப பாரம் ஏறினா களைச்சிடும்."

"களைச்சா லீவு கேட்டிருக்கணும்ல," என்றார் வண்ணப் பிரிவு அதிகாரி. தலைவர் சிரித்தார். அவர் சிரித்ததால் விதிமுறை அதிகாரியும் சிரித்தார். சிரித்து முடித்ததும், உலோகத்துக்கு விடுப்பு விதி எதுவும் இல்லை என்பதை ஒரு தடவை புத்தகத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

பரிசோதகர் தன் கடிதங்களைப் பற்றிச் சொன்னார். வண்ணத்தைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேட்டு ஒன்பது கடிதம் எழுதியிருந்தார். அடியில் குறை இருப்பதற்குப் புகைப்பட ஆதாரம் இருந்தால் மட்டுமே வண்ணத்தை நீக்கலாம் என்று முதல் பதில் வந்தது. விரிசல் வண்ணத்துக்கு அடியில் இருக்கிறது, படம் எடுத்தால் வண்ணம்தான் தெரியும் என்று எழுதினார். தெரிவதைப் படம் எடுத்து அனுப்புக என்று வந்தது. அனுப்பினார். வண்ணம் மிகச் சிறப்பான நிலையில் உள்ளது என்று பாராட்டி, அவர் எடுத்த அதே படத்தை இணைத்து, வண்ணப் பிரிவுக்கு நற்சான்றிதழ் போனது.

"அது எங்க ஆபீஸ் சுவத்துல மாட்டியிருக்கு," என்றார் வண்ணப் பிரிவு அதிகாரி. "நல்ல போட்டோ. நன்றி."

"இந்தப் பதினோரு மாசமும் ஐம்பது மணிக்கு ஒரு தடவ நீங்க பாத்தீங்கதானே?" என்று கேட்டார் விதிமுறை அதிகாரி. பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பார்த்தேன், பார்த்தேன், பார்த்தேன். ஆறுக்குப் பதினொன்று, ஏழுக்குப் பதினொன்று. இருபத்திரண்டு கையெழுத்து.

பரிசோதகர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பதிவேட்டில் பார்த்தேன் என்ற ஒரு கட்டம்தான் இருந்தது. எதைப் பார்த்தீர்கள் என்ற கட்டம் இல்லை. அவர் வண்ணத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். போடாவிட்டால் பென்ஷனுக்கு மூன்று வருடம் இருக்கும்போது அவரைக் கொட்டகையை விட்டு மாற்றிவிடுவார்கள், வேறு எவனாவது வந்து போடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆறாம் எண்ணின் விமானி தினமும் காலையில் ஏணியில் கால் வைக்கும் முன் இவரைப் பார்த்து, "என்ன விரிசல் அண்ணே, ஏறலாமா?" என்று கேட்பார். "கோட்டுக்குள்ள இருக்கு, போய்ட்டு வாங்க" என்பார் இவர். வண்ணம் அடித்த பிறகும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. இவர் சொல்லும் பதில் மட்டும் "போய்ட்டு வாங்க" என்று சுருங்கியிருந்தது. நான்கு நாள் முன்னாலும் அதையேதான் சொன்னார்.

பதினொன்றரைக்குத் தேநீர் இடைவேளை. தாழ்வாரத்தில் எழுத்தர் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, நீங்க எவ்ளோ கத்தினாலும் நடக்காது. இங்க ஒரு ஆள் பேர் எழுதாம ஒரு தாளும் நகராது. நான் பதினாலு வருஷமா அடிக்கிறேன்."

"உலோகத்துக்கு என்னம்மா பேர் வைக்கிறது?"

"அதான் சொல்றேன். அதோ பாருங்க." ஜன்னலுக்கு வெளியே, மதில் ஓரமாக ஒரு ஜீப் நின்றது. கதவுகளில் அரக்கு முத்திரை. எஞ்சின் மூடியைப் பிளந்துகொண்டு ஒரு மரம் ஜன்னல் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. "ஒரு டிரைவர் வேணும்னே பிரேக்கை அறுத்துட்டான்னு கேஸ். சாட்சியப் பொருள். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே வச்ச முத்திரை. கமாண்டரே வந்தாலும் தொட முடியாது. வேணும்னே செஞ்சதுன்னு ஒரு வார்த்தை விழுந்துட்டா போதும், இவங்களுக்குக் கை கால் ஓடாது."

"அந்த டிரைவர்?"

"அவன் எங்கயோ உள்ள இருந்தான். இப்ப இருக்கானோ என்னவோ." அவள் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

பரிசோதகர் ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்குப் போனார். ஏழாம் எண்ணை நான்கு பேர் மெழுகு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வாலில் புதிதாக ஒரு கறுப்புப் பட்டை, துக்கத்துக்காக. அதுவும் வண்ணப் பிரிவின் கைவேலை. அவர் வலது இறக்கைக்கு அடியில் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் மெதுவாக வருடினார். ஓரிடத்தில் நகம் தட்டியது. வண்ணத்திலேயே ஒரு கோடு விட்டிருந்தது. மூன்று பூச்சையும் தள்ளிக்கொண்டு விரிசல் தானாகவே வெளியே வந்துவிட்டது. அளவுகோலை வைத்துப் பார்த்தார். இருபத்தாறு.

"மாமா, இங்கயுமா?"

மாப்பிள்ளை பறக்கும் உடையில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. ஆறாம் எண்ணின் விமானிதான் அவருக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தவர்.

"மாப்ளே, கையக் குடுங்க." அவருடைய கையைப் பிடித்து இழுத்து நகத்தை அந்த இடத்தில் வைத்தார். "தட்டுதா?"

"ஏதோ தட்டுது."

"இருபத்தாறு மில்லி. ஆறும் இப்படித்தான். நீங்க இன்னிக்கு ஏறாதீங்க."

"மாமா, பெயின்ட் விட்டிருக்கும்." மாப்பிள்ளை சிரிக்க முயன்றார். "நீங்க எங்க கல்யாண மேடையையே தட்டிப் பாத்துட்டு ஏறினவரு. எங்க வீட்டுச் சமையக்கட்டுச் சுவத்துல கூட பென்சில் கோடு போட்டு தேதி எழுதிட்டுப் போனீங்க. நான் வெள்ளையடிச்சதுக்கு ரெண்டு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க. வீடு இன்னும் நிக்குது மாமா."

"வீடு பறக்கல மாப்ளே."

"நான் ஏற மாட்டேன்னு சொன்னா என்ன எழுதுவாங்க தெரியுமா? காரணம்னு ஒரு கட்டம். அதுல அச்சடிச்சே வச்சிருக்காங்க, பயம்னு. டிக் மட்டும்தான் போடணும். அப்புறம் எனக்கு சைக்கிள் சாவி கூட குடுக்க மாட்டாங்க." குரல் தாழ்ந்தது. "அதெல்லாம் கூடப் பரவாயில்ல. அவருக்காக நான் பறக்காம வேற யாரு பறக்கிறது? அவர் சம்சாரம் மைதானத்துல வந்து ஒக்காந்திருப்பாங்க. உங்க பொண்ணும் வரா. பாத்துட்டுப் போங்க."

மாப்பிள்ளை போனார். தேய்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன், விரல் தடம் பட்ட இடத்தைத் துணியால் துடைத்தான்.

மதிய அமர்வு இரண்டு மணிக்கு என்றிருந்தது. சாப்பாடு நன்றாக இருந்ததால் இரண்டே முக்காலுக்குத் தொடங்கியது. பரிசோதகர் உட்காரவில்லை.

"ஐயா, இருபத்தாறு மில்லி இருக்கு. இப்பதான் அளந்தேன். விதிப்படியே இருபதுக்கு மேல பறக்கக் கூடாது."

"விரிசல்தான் இருபதுக்கு மேல இருக்கக் கூடாது," என்றார் விதிமுறை அதிகாரி. "நீங்க அளந்தது பெயின்ட்ல இருக்கிற கோடு. பெயின்ட் கோட்டுக்கு மேல்வரம்பு கிடையாது."

"அப்ப சுரண்டிப் பாருங்க!"

"சுரண்ட ஏழு நாள். திரும்ப அடிக்கப் பத்து நாள்," என்றார் வண்ணப் பிரிவு அதிகாரி. "கறுப்புப் பட்டை இன்னும் காயவே இல்ல. மனசாட்சியோட பேசுங்க."

தலைவர் எழுந்து நின்றுவிட்டார். "நண்பரே. உங்கள் உணர்ச்சியை மதிக்கிறேன். ஆனால் ஐயத்தின் பேரில் ஒரு விமானத்தை நிறுத்தினால், இதற்கு முன் நிறுத்தாதது தவறு என்றாகிவிடும். அது தவறு என்றால், தவறு செய்தவர்கள் இருப்பார்கள். இருந்தால் அவர்கள் இந்த அறையிலும் இருக்கக்கூடும். இப்படி ஒரு முடிவை நோக்கி ஒரு விசாரணைக் குழு போவது முறையா? இன்று மாலை ஏழாம் எண் பறக்கும். அது பறப்பதே நம் விமானங்கள் நல்லவை என்பதற்குச் சான்று. அது பத்திரமாக இறங்கியதும் நமது அறிக்கையில் கையெழுத்திடுவோம்."

"எறங்கலைன்னா?"

தலைவர் சற்று யோசித்தார். "அறிக்கை தாமதமாகும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று எட்டு. திறந்த ஜன்னல் வழியாக மைதானத்தில் நாற்காலி போடும் சத்தம் கேட்டது. அதே ஜன்னலில் ஜீப்பின் மரம் அசைந்தது. பரிசோதகர் அதைப் பார்த்தார். எழுத்தரைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் செஞ்சேன்," என்றார்.

"எதை?"

"விரிசலை. வேணும்னே. ஏழுல நான்தான் வெட்டினேன்."

அறையில் ஒரு கணம் யாரும் மூச்சு விடவில்லை. பிறகு எல்லோரும் ஒன்றாக விட்டார்கள். நாள் முழுக்கப் புழுங்கிய அறையில் காற்று புகுந்தது போல இருந்தது. விதிமுறை அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். தலைவர் எட்டிப் பரிசோதகரின் தோளைத் தொட்டார். "இத காலையிலேயே சொல்லியிருக்கலாமே. எவ்ளோ நேரம் மிச்சமாயிருக்கும். ஒக்காருங்க, ஒக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

இருபத்தொன்பது வருடத்தில் பரிசோதகர் சொன்னதை அந்தத் தளத்தில் மறுபேச்சில்லாமல் நம்பியது அதுவே முதல் தடவை.

"முத்திரை வைக்கச் சொல்லுங்க," என்றார் அவர்.

"வைப்போம். படிவம் முடியட்டும். பேர் வந்தாச்சு. கருவி?"

"உளி."

"காரணம்?" விதிமுறை அதிகாரி கட்டத்தைக் காட்டினார். மூன்று காரணங்கள் அச்சாகியிருந்தன. "அ, வெளிநாட்டுத் தூண்டுதல். இதுக்கு வேற துறை ஒப்புதல் வேணும், மூணு மாசம் ஆகும். ஆ, குடிபோதை. ரத்தம் எடுக்கணும், டாக்டர் அஞ்சலிக்குப் போயிட்டாரு. இ, குடும்பப் பகை. இது உடனே முடியும்."

மணி மூன்று இருபது.

"இ."

"யார் மேல பகை?"

"ஏழாம் நம்பரை ஓட்டறவர் என் மருமகன்."

"அடடா," என்றார் தலைவர் உண்மையான இரக்கத்தோடு. "கொல்லற அளவுக்கா? குறைஞ்சது ரெண்டு வரி விளக்கம் வேணும். என்ன மனஸ்தாபம்?"

அவர் தேடினார். மகளுக்குக் கல்யாணமான ஆறு வருடத்தைத் துழாவித் தேடினார். மாப்பிள்ளை குடிக்க மாட்டார். கை நீட்டியதில்லை. மாமியார் மருத்துவமனையில் கிடந்தபோது தரையில் படுத்திருந்தவர் மகன் இல்லை, மருமகன்.

"வீட்டுச் சுவத்துல நான் போட்ட கோட்டை அழிச்சிட்டாரு," என்றார் கடைசியில்.

"எல்லைத் தகராறு," என்று எழுதிக்கொண்டார் விதிமுறை அதிகாரி. "போதும். அடுத்து ஆறாம் எண். அதுலயும் இதே இடம், இதே வெட்டு. ஒரே கைதானே?"

"ஆறை நான் தொடல."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப ஆறு ஏன் விழுந்தது? ஒண்ணு தானா வந்த விரிசல், இன்னொண்ணு நீங்க செஞ்ச விரிசல்னா படிவம் ஒத்து வராதே. திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். நாளைக்கு வச்சுக்கலாமா?"

மூன்று இருபத்தொன்பது. கொட்டகைப் பக்கமிருந்து எஞ்சினைத் தட்டி எழுப்பும் முதல் உறுமல் வந்தது.

"ஆறும் நான்தான்."

"ஆனா ஆறுல உங்க மருமகன் இல்லியே. எதுக்கு வெட்டினீங்க?" தலைவரே உதவினார். "ஒத்திகை பாத்தீங்களா?"

"ஆமாங்க."

எழுத்தரின் விரல்கள் நின்றன. தலைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அடித்தாள்: ஒத்திகை.

தாளை நீட்டினார்கள். ஏறலாமா அண்ணே என்ற குரல் பரிசோதகரின் காதில் கேட்டது. பேனாவை எடுத்தார். ஏற்கெனவே போட்ட இருபத்திரண்டு கையெழுத்துகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது அப்படியொன்றும் பெரிய பொய்யாக அவருக்குத் தோன்றவில்லை. போட்டார்.

மூன்று நாற்பத்தொன்றுக்கு இரண்டு காவலர்கள் அரக்கும் நூலும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்கள். எஞ்சின் சத்தம் தேய்ந்து நின்றது.

தலைவர் நின்றார். "குழுவினரே, ஒரே நாளில் முடிந்த முதல் விசாரணை என்ற பெருமை நம்மைச் சேர்கிறது. உலோகம் நம்மைக் கைவிடவில்லை. வண்ணம் நம்மைக் கைவிடவில்லை. விதி நம்மைக் கைவிடவில்லை. ஒரு மனிதன்தான் கைவிட்டான். சாட்சியப் பொருளான ஏழாம் எண் வழக்கு முடியும்வரை இதே பொலிவோடு இருக்க, ஆண்டுக்கு ஒரு முறை வண்ணம் பூசுமாறு பரிந்துரைக்கிறேன்."

மேஜை தட்டப்பட்டது.

தளத்தில் காவல் அறை ஒன்று இருந்தது. அதில் அஞ்சலிக்கு வந்த மலர்வளையங்களை அடுக்கியிருந்தார்கள். ஆகவே பரிசோதகரை வண்ணக் கிடங்கில் வைப்பதென்று முடிவானது. பறப்பது ரத்தானவர்களுக்கு அன்றே மாற்று வேலை தர வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதன்படி, கைதியைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர் மாப்பிள்ளை.

பறக்கும் உடையை அவர் இன்னும் மாற்றவில்லை. மைதானத்தை ஒட்டிய பாதையில் இருவரும் நடந்தார்கள். நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செய்தி அதற்குள் வந்துவிட்டிருந்தது. முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள், ஆறாம் எண்ணின் விமானியின் மனைவி. அவள் பக்கத்தில் பரிசோதகரின் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை.

கிடங்கின் உள்ளே கூரை வரைக்கும் சாம்பல் வண்ண டின்கள். திறந்திருந்த கதவுக்கு வெளியே மாப்பிள்ளை, உள்ளே பரிசோதகர். மேல் கீலை ஒட்டி மரத்தில் ஒரு விரிசல் இருப்பதைப் பரிசோதகரின் கண் தானாகவே கண்டது. கை தானாகவே பைக்குப் போனது. மெழுகுப் பென்சில் இல்லை. சாட்சியப் பொருள் என்று எடுத்துப் போயிருந்தார்கள்.

"மாப்ளே, மணி என்ன?"

"நாலு பத்து."

பரிசோதகர் தலையாட்டினார்.

"என்னைக் கொல்லணும்னா சாப்பாட்டுல எதையாவது கலந்திருக்கலாம்ல," என்றார் மாப்பிள்ளை. குரல் உடையாமல் இருக்க ஒவ்வொரு வார்த்தையையும் தனித்தனியாகச் சொன்னார். "மாசா மாசம் ரெண்டு தடவ உங்க வீட்லதானே சாப்பிடறேன். அவர் உங்களுக்கு என்ன பண்ணாரு?"

பரிசோதகர் கீலின் விரிசலைப் பார்த்தார்.

மாப்பிள்ளை சாவியை எடுத்தார். பூட்டில் வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு துளி சாம்பல் வண்ணம் ஒட்டியிருந்தது.

"உளின்னு சொன்னீங்களாம்."

"ஆமா."

"உளியால வெட்டியிருந்தா பெயின்ட் பிஞ்சு வந்திருக்கும். மேல நல்லாதான் இருந்தது. மயிர் மாதிரி ஒரு கோடு மட்டும்தான் தட்டிச்சு." அவர் நிமிர்ந்தார். குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது. "எனக்கு ஏன் காட்டினீங்க? கொல்லப்போறவர் எதுக்கு என் கையப் புடிச்சுக் காட்டினீங்க? மாமா, நெஜத்தச் சொல்லுங்க. நான் இப்பவே தலைவர்கிட்ட போறேன். நான் பேசறேன்."

மாப்பிள்ளை போவார். பேசுவார். ஒப்புதல் பொய்யென்று ஆகிவிடும். முத்திரை உடையும். அஞ்சலியை நாளைக்கு வைத்துக்கொள்வார்கள். ஏணியில் முதலில் கால் வைப்பவர் இவர்தான்.

"வெட்டிட்டு மேல பெயின்ட் அடிச்சேன்," என்றார் பரிசோதகர். "இன்னிக்கு உங்ககிட்ட காட்டினது பயந்துபோய். மாட்டிக்குவோம்னு பயம். வேற ஒண்ணுமில்ல. பூட்டிட்டுப் போங்க."

மாப்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றார். எதையோ வருடித் தேடுகிறவர் போல வெகுநேரம் பார்த்தார். எங்கும் தட்டவில்லை.

கதவை இழுத்துச் சாத்தினார். சாவி இரண்டு சுற்று சுற்றியது. கொண்டியைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.